சாப்பிட்டாயா என்று கேட்காதவர்

முப்பத்தாறு வருஷம் போலீஸில் இருந்து எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன் நான். கேள்வி கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். பதில் சொல்லாதவர்களையும் ஒருவழியாகப் புரிந்துகொள்வேன். கேள்வியே கேட்காத ஆளைக் கண்டால்தான் எனக்கு ஆகாது. அப்படிப்பட்ட ஆளுக்கு ஒன்று எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மறைப்பதற்கு ஏதோ இருக்க வேண்டும். அந்தம்மா எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள், ஒரு மணி நேரம் இருந்தும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அவர் வந்தது என் மகள் கோமதிக்காக. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்தாள். முதலில் சோறு போனது, பிறகு எண்ணெய் போனது, பிறகு ஏறக்குறைய எல்லாமே போனது. காதல் விவகாரமாக இருக்கும் என்று நினைத்து அவள் போனை எடுத்துக் குடைந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. வகுப்பில் மயங்கி விழுந்து, திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் நாடித்துடிப்பே இறங்கிப் போயிருக்கிறது என்றார்கள். இது மனதில் பிடிக்கிற சீக்கு, ஆனால் உயிரை எடுத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிப்பதற்குப் பெயர் சீக்கா என்று அவரிடமே கேட்டேன். இரண்டரை வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது, உங்கள் ஊர் தென்காசியிலேயே ஒரு சைக்காலஜிஸ்ட் இருக்கிறார், வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு நேரத்தில் கூட இருப்பார், அவர் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள் என்றார்கள். இன்னொரு தடவை இந்த அளவுக்கு இறங்கினால் இதயம் தாங்காது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

அந்தம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். பருத்திச் சேலை, ஆண்கள் கட்டுகிற மாதிரிப் பெரிய டயல் வைத்த வாட்ச், தோளில் ஒரு துணிப்பை. கோமதியைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு நேராகச் சாப்பாட்டு மேஜைக்குப் போய் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு தட்டு வைங்க" என்றார் என் மனைவி செண்பகத்திடம். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்களும் உக்காருங்க. நின்னுக்கிட்டு இருந்தா காவலுக்கு நிக்க மாதிரி இருக்கு" என்றார்.

போலீஸ்காரனை முதல் பார்வையிலேயே அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர்களை நான் நம்புவதில்லை. அவர்களுக்கு ஏதாவது காரியம் ஆக வேண்டியிருக்கும். சிகிச்சைக்கு வந்தவர் ஓசியில் சாப்பாடு கேட்கிறாரே என்றும் தோன்றியது. அதைப் போலீஸ்காரன் சொல்லக்கூடாதுதான். ஆனாலும் தோன்றியது.

சாப்பிட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். செங்கோட்டை பஸ்ஸில் கண்டக்டருக்கும் ஒரு பலாப்பழத்துக்கும் நடந்த சண்டை, இந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் பிந்துவது என்று ஊர்க்கதை. கோமதி தட்டில் இட்லியைப் பிய்த்துப் பிய்த்துக் கடுகளவு ஆக்கிக்கொண்டிருந்தாள். அதை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. செண்பகம் இன்னும் ஒன்று வைக்கப் போனபோது கையைக் குறுக்கே நீட்டி, "மதி, மதி" என்றார். போதும் என்பதற்குப் பண்பொழி, செங்கோட்டைப் பக்கத்து ஆட்கள் சொல்கிற மலையாளச் சொல். சரி, அந்தப் பக்கத்து ஆள் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

போகும்போது வாசலில் வைத்து எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஒரு விதி சொன்னார். "இனிமே இந்த வீட்டுல யாரும் அவகிட்ட சாப்பிட்டியான்னு கேக்கக்கூடாது. எத்தன சாப்பிட்ட, ஏன் சாப்பிடல, ஒண்ணும் கேக்கக்கூடாது. நேரமானா தட்டு வைங்க. அளவ நீங்களே முடிவு பண்ணுங்க. கூட உக்காந்து நீங்களும் சாப்பிடுங்க. அவ்வளவுதான்."

"கேக்காம எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

"கேட்டா பொய் வரும் அண்ணாச்சி. அந்தப் பொய்ய நாமதான் கேட்டு வாங்குதோம்."

இது சொல்ல எளிது. எங்கள் ஊரில் பால்காரர் முதல் என் பழைய டி.எஸ்.பி. வரை சாப்பாடு ஆச்சா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போவார்கள். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டால் ஒருவரோடொருவர் பேச எங்களிடம் என்ன இருக்கிறது என்பதே அந்த முதல் வாரத்தில்தான் தெரிந்தது. நானும் செண்பகமும் ஊமைகளாக வளைய வந்தோம். திருவேங்கடத்தில் இருக்கிற என் அக்கா தினமும் காலையில் போன் செய்வாள். எடுத்ததும், "ஏலே, புள்ள சாப்பிட்டாளா?" என்பாள். அப்படிக் கேட்கக்கூடாதாம் என்று விளக்கினேன்.  "பின்ன என்னத்தலே கேக்க?" என்றாள்.  அதன் பிறகு அக்கா மழை பெய்ததா என்று மட்டும் கேட்டாள். அவர்கள் ஊரில் வருஷம் முழுக்க மழை பெய்யாது. அதனால் அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

எனக்குச் சந்தேகம் வர வேறு காரணங்களும் இருந்தன. வாரம் ஒருமுறை அவருடைய கிளினிக்கில் கோமதியை எடை பார்ப்பார்கள். எடை மெஷினில் முதுகைத் திருப்பி நிற்க வைப்பார்கள். எண்ணை அவளிடம் சொல்ல மாட்டார்கள், அவள் காதுபட என்னிடமும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் இருந்த எடை மெஷினை அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோமதியின் அறையில் முக்கால் மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "அது அவளோட பேச்சு" என்பார். நான் பார்க்காத கேஸ் டைரியா?

ஒருநாள் கோமதியின் அலமாரியை நோக்கி எறும்பு வரிசையாகப் போனது. தொடர்ந்து போனேன். ரெக்கார்டு நோட்டின் அட்டைக்குள் மடித்து வைத்த சப்பாத்தி, பழைய கைப்பையில் காய்ந்த இட்லி, ஒரு டம்ளர் பால் கெட்டியாகி. எல்லாவற்றையும் கொண்டுவந்து, திருட்டுச் சொத்தைப் பறிமுதல் செய்து போட்டோவுக்கு வைக்கிற மாதிரி, மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். "இது யாரோடது?" என்று கோமதியைக் கேட்டேன். "எனக்குத் தெரியாதுப்பா" என்று என் கண்ணைப் பார்த்தே சொன்னாள். முப்பத்தாறு வருஷத்தில் என் முகத்துக்கு நேரே அவ்வளவு சுத்தமாகப் பொய் சொன்ன ஆள் கிடையாது.

அந்தம்மா வந்ததும் மேஜையைக் காட்டினேன். மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இத நான் பாக்கல. எடுத்துக் கொட்டிட்டு மேஜையத் தொடச்சிருங்க" என்றார். "ஸ்டேஷன்ல இது சரி அண்ணாச்சி. சாப்பாட்டு மேஜையில வேண்டாம். இனிமே அவ சாப்பிட்டு முடிச்சு ஒரு மணி நேரம் யாராவது கூட இருங்க. சீட்டு விளையாடுங்க, டி.வி. பாருங்க. ஒளிச்சு வைக்க நேரமில்லன்னா ஒளிச்சு வைக்க மாட்டா."

அன்றிலிருந்து நானும் என் மகளும் தினமும் மூன்று தடவை சீட்டு விளையாடினோம். அவள் என்னோடு பேசமாட்டாள். ஆனால் ரம்மியில் ஏமாற்றினால் மட்டும் கண்டுபிடித்துவிடுவாள்.

நடுவில் ஒரு மத்தியானம். தயிர்ச்சாதம். கோமதி ஒரு வாய்கூட எடுக்கவில்லை. அந்தம்மா தன் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே வந்து, கடைசி ஒரு கைச் சோற்றை மட்டும் தட்டில் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி. கை காய்ந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. கடைசியில் கோமதி தட்டைத் தூக்கி அடித்தாள். சுவரெல்லாம் தயிர். அம்மாவையும் என்னையும் அந்தம்மாவையும் வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாள். நான் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தேன்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றார் அந்தம்மா. குரல் உயரவே இல்லை. "இது கோமதி பேசல. சீக்கு பேசுது. கோமதி உள்ள இருந்து கேட்டுக்கிட்டிருக்கா." செண்பகத்திடம், "இன்னொரு தட்டு வைங்கம்மா. அதே அளவு. குறைக்காண்டாம்" என்றார்.

பேசுவது அவள் இல்லை, உள்ளே இருக்கிறது பேசுகிறது. இதைத்தானே செண்பகத்தின் சித்தி, பேயோட்டுகிற கோடாங்கியிடம் கூட்டிப்போகச் சொன்னபோது சொன்னாள்? அதையே இங்கிலீஷில் படித்துவிட்டு வந்து நமக்கே விற்கிறாரோ என்று எனக்குப் பட்டது. ஆனால் இரண்டாவது தட்டில் கோமதி பாதி சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். அவள் கடைசி வாயை எடுத்தபோதுதான் அந்தம்மா தன் காய்ந்த ஒரு கைச் சோற்றை எடுத்து வாயில் வைத்தார். செண்பகம் அடுப்படியில் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள். நான் சுவரில் வழிந்த தயிரைத் துடைத்தேன். சந்தேகம் மட்டும் போகவில்லை.

ஏனென்றால் அவர் சாப்பிடுகிற விதத்தை நான் கவனித்துக்கொண்டே வந்தேன். ஒரே வேகம். பருக்கை மிச்சம் இருக்காது, இரண்டாவது தடவை வாங்கியதும் கிடையாது. செண்பகத்தின் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லாமல் போன ஒரே ஆள் அவர்தான். மாலை நான்கு மணியானால், பேச்சு எங்கே இருந்தாலும் நிறுத்திவிட்டு, பையிலிருந்து டப்பாவை எடுத்து எதையாவது சாப்பிடுவார். முதலில் வாட்சைப் பார்ப்பார், பிறகு டப்பாவைத் திறப்பார். பசித்துச் சாப்பிடுகிற ஆள் வாட்சைப் பார்ப்பதில்லை. செங்கோட்டை ஸ்டேஷனில் இருக்கிற தெரிந்தவரிடம் விசாரித்தேன். "நல்ல குடும்பம் அண்ணாச்சி. பண்பொழில தனியா இருக்காவ. ஒரு கெட்ட பேரும் கெடையாது" என்றார். கெட்ட பெயரே இல்லாத ஆள் என்றதும் எனக்கு இன்னும் கூடுதலாக உறுத்தியது.

சாரல் பிந்தி வந்தாலும் நன்றாக விழுந்தது. குற்றாலத்தில் கூட்டம். ஐந்தருவியில் பந்தோபஸ்தில் இருந்த பழைய சகாவைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அங்கே ஒரு பஜ்ஜிக் கடை பெஞ்சில் அந்தம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். குளிக்க வந்த மாதிரி இல்லை, தலை நனையவில்லை. நான் பலாப்பழக் கடைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை. பழக்கம்.

முன்னால் ஒரு தட்டில் நான்கு மிளகாய் பஜ்ஜி. வாட்சைப் பார்த்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார். எண்ணெயைக் காகிதத்தில் ஒற்றப் போய், ஒற்றாமல் காகிதத்தைக் கசக்கித் தூரப் போட்டார். பிய்த்து ஒரு துண்டு வாயில் வைத்தார்.  இருபது நிமிஷத்தில் மூன்று சாப்பிட்டார். முகத்தைப் பார்த்தால் மருந்து குடிக்கிற முகம். ஒரு குரங்கு பெஞ்சுக்குக் கிட்டே வந்து உட்கார்ந்தது. அவர் நான்காவது பஜ்ஜியை எடுத்து அதன் பக்கம் கையை நீட்டினார். பிடித்துவிட்டேன் என்று என் மனம் துள்ளியது. நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு கையை இழுத்துக்கொண்டு, குரங்கை விரட்டிவிட்டு, அதையும் தானே சாப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அவர் அதைச் சாப்பிட்டு முடித்ததைப் பார்த்தவன் நான். என் மனதில் பதிந்தது என்னவோ அந்த நீட்டிய கைதான். கேஸ் முடிந்தது என்று வீடு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் நான்கு பேரும் மேஜையில் இருக்கிறோம். கோமதி அந்த மாதத்தில் முதல்முறையாகச் சோற்றில் நெய் விட்டுக்கொள்ளச் சம்மதித்திருந்தாள். அந்த நேரம் பார்த்து நான் சொன்னேன். "நேத்து ஐந்தருவில ஒங்களப் பாத்தேம்மா. ஒங்களுக்கே எறங்கலயே. குரங்குக்குல்லா நீட்டுனீங்க?"

செண்பகம் கரண்டியை வைத்துவிட்டாள். கோமதி தலையைத் தூக்கி அந்தம்மாவைப் பார்த்தாள். அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"ஆமா அண்ணாச்சி" என்றார். "கோமதி வயசுல எனக்கும் இதே சீக்குதான். ரெண்டு தடவ ஆஸ்பத்திரில கெடந்தேன். இப்ப நல்லா இருக்கேன். எண்ணெய்ப் பலகாரம் மட்டும் இன்னும் கொஞ்சம் பயம். பயத்த விட்டுவச்சா அது வளரும். அதனால மாசம் ஒருக்க அங்கன போய் ஒரு தட்டு சாப்பிட்டுட்டு வருதேன்." பிறகு தட்டில் மிச்சமிருந்த சோற்றை எப்போதும்போல அதே வேகத்தில் சாப்பிட்டு முடித்தார்.

கோமதி அன்றைக்கு நெய்ச்சோற்றைத் தொடவில்லை. "அவங்க தட்டயும் எண்ணிட்டீங்களாப்பா?" என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

அதற்குப் பிறகு என் மகளின் கண் அவர் தட்டை விட்டு நகரவில்லை. அவர் எத்தனை இட்லி வைக்கிறார், எவ்வளவு சட்னி தொடுகிறார், எல்லாவற்றையும் எண்ணினாள். அவர் இரண்டு எடுத்தால் இவள் ஒன்றரைதான் எடுப்பாள். அவர் மூன்று எடுத்தால், பயந்து சாப்பிடுகிறார் பார் என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பாள். எண்ணும் வித்தையை அவளுக்குக் காட்டிக்கொடுத்தவன் நான்தான். இரண்டு வாரம் இப்படி ஓடியது. ஒருநாள் போகும்போது அந்தம்மா வாசலில் நின்றார்.

"இனிமே நான் வந்தா அவளுக்கு நல்லதில்ல அண்ணாச்சி. அவ தன் தட்டப் பாக்காம என் தட்டப் பாக்கா. திருநெல்வேலில என்கூட வேல பாக்கவங்க ஒருத்தங்க இருக்காங்க. நாளைலருந்து அவங்க வருவாங்க. எல்லாம் சொல்லியிருக்கேன்."

"நான் சொன்னதுனாலதானம்மா?"

"நானே ஒருநாள் சொல்லியிருக்கணும். எப்ப சொல்லன்னு யோசிச்சுக்கிட்டே இருந்துட்டேன்" என்றார். என் மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரமே கோமதியை மறுபடியும் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ஆறு நாள் உட்கார்ந்திருந்தேன். நான் விசாரித்த எத்தனையோ பேரில், கடைசியில் தண்டனை வாங்கியது என் பிள்ளை என்று புரிந்தது. அழுதேன். என்னை யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. அந்தக் கேட்காமையின் அருமை அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

பிழைத்தாள். புதிதாக வந்தவர் நல்லவர், கெட்டிக்காரர். ஆனால் வாரத்தில் மூன்று நாள்தான் வருவார். மற்ற நேரமெல்லாம் மேஜையில் நானும் செண்பகமும்தான். ஸ்டேஷன் வாசலில் நின்றபடியே ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்துப் பழகியவன், தட்டில் கடைசி ஒரு கைச் சோற்றை வைத்துக்கொண்டு, செங்கோட்டை பஸ்ஸைப் பற்றியும் குரங்கைப் பற்றியும் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பழகினேன். தட்டைப் பார்க்காமல் பேசப் பழகினேன். அதற்கு இரண்டு வருஷம் ஆனது. இப்போது கோமதி கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். சில வாரம் சரியில்லாமல் போகும். அவளே போன் செய்து, "இன்னைக்கு கஷ்டமா இருக்குப்பா, ஆனா சாப்பிட்டுட்டேன்" என்பாள். நான் கேட்பதில்லை. மழை உண்டா என்று மட்டும் கேட்பேன்.

போன தை மாதம் பண்பொழி திருமலைக்கோயிலுக்குப் போய்விட்டு இறங்கி வந்து, கீழே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அந்தம்மா எதிரே வந்தார். ஏழு வருஷம் ஆகியிருந்தது. அதே துணிப்பை, அதே பெரிய வாட்ச். வாட்ச் மணிக்கட்டில் தளர்ந்து முழங்கை வரை ஓடியது. கன்னம் ஒட்டியிருந்தது. வயதாகியிருக்கலாம். காய்ச்சல் வந்து எழுந்திருக்கலாம். இல்லையென்றால் அதுவாகவும் இருக்கலாம்.

"கோமதி வேல பாக்கா, கோயம்புத்தூர்ல" என்றேன்.

"சந்தோசம் அண்ணாச்சி" என்றார். கண் கலங்கியது. 

மணி நான்கு. சாப்பிட்டீங்களா என்ற கேள்வி என் தொண்டை வரை வந்து நின்றது. அதை விழுங்கினேன். "எனக்குப் பசிக்கி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து டீக்கடையில் இரண்டு தட்டு பஜ்ஜி வாங்கினேன். ஒன்றை பெஞ்சில் அவர் பக்கம் வைத்தேன். மற்றதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கொஞ்சம் நின்றார். பிறகு வாட்சைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

நான் ரோட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டேன். மெதுவாகச் சாப்பிட்டேன். அக்கா ஊரில் கிணறு வற்றியது, என் முழங்கால் வலி, செண்பகம் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவது என்று பேசிக்கொண்டே இருந்தேன். கடைசித் துண்டைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு பஸ் போனது. இன்னொரு பஸ்ஸும் போனது. காகிதத் தட்டு மடங்குகிற சத்தம் கேட்ட பிறகு என் துண்டை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

பார்க்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். பார்த்தேன். அவர் தட்டு காலி. அதோடு விட்டிருக்கலாம். செருப்பைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்து பெஞ்சுக்கு அடியிலும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

நிமிர்ந்தபோது அந்தம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.